டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: விஸ்காம் டிரெய்லருக்குத் தாங்குமா?

தாங்கும். ஆனால் எல்லாவற்றையும் எடிட்டுக்கு உட்காரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிற டீமுக்குத் தாங்காது. ரிசால்வ் என்கிற இந்த வீடியோ எடிட்டிங் மென்பொருளைப் பற்றி யூடியூபில் வருகிற வீடியோக்கள் பெரும்பாலும் நிறத்தைத் திருத்துகிற கலர் பேஜைக் காட்டி, ஸ்கின் டோன், டீல் ஆரஞ்சு (நீலப்பச்சையும் ஆரஞ்சுமான சினிமா நிறம்) என்று மயக்கிவிட்டுப் போய்விடுகின்றன. அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இலவசப் பதிப்பின் தடுப்புச் சுவர்கள் எல்லாம் ஷூட்டிங் பக்கமாகத் திரும்பி நிற்கின்றன. எந்தக் கேமரா, எந்த ஃபார்மட், எத்தனை ஃப்ரேம், எந்த ஷட்டர் என்று முடிவு செய்கிற அன்றைக்கே ரிசால்வ் உங்கள் படத்துக்குள் வந்துவிடுகிறது, நீங்கள் அதை இன்னும் டவுன்லோடே செய்யாவிட்டாலும்.

எங்கள் கதை என்ன என்றால், விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருட ப்ராஜெக்டுக்கு சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நடக்கிற ஷார்ட் ஃபிலிம். படம் முடிவதற்கு முன்னாலேயே டிபார்ட்மென்ட் விழாவில் ஒன்றரை நிமிட டிரெய்லர் போட்டாக வேண்டும். எடிட் என் தலையில். காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்குகிற நிலைமையில் யாரும் இல்லை, கிராக் போட்டு ஓட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை (வைரஸ் வந்து மொத்த ஹார்ட் டிஸ்க்கும் போன சீனியர்களைப் பார்த்திருக்கிறேன்), அதனால் ரிசால்வ்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இதைச் செய்வது ஆஸ்திரேலியாவில் இருக்கிற பிளாக்மேஜிக் டிசைன். முதலில் இது டாவின்சி சிஸ்டம்ஸ் என்கிற அமெரிக்கக் கம்பெனியின் கலர் கரெக்‌ஷன் சிஸ்டம், பெரிய பட்ஜெட் இருக்கிறவர்கள் மட்டும் தொடுகிற விலை. 2009-ல் பிளாக்மேஜிக் அந்தக் கம்பெனியை வாங்கியது, கொஞ்ச காலத்தில் இலவசப் பதிப்பும் வந்தது. அப்புறம் 2014-ல் விஷுவல் எஃபெக்ட்ஸ் மென்பொருளான ஃப்யூஷனை வைத்திருந்த ஐஆன் கம்பெனியையும், 2016-ல் ஃபேர்லைட் என்கிற சவுண்ட் கம்பெனியையும் வாங்கி உள்ளே சேர்த்தார்கள். மீடியா, கட், எடிட், ஃப்யூஷன், கலர், ஃபேர்லைட், டெலிவர் என்று கீழே வரிசையாக நிற்கிற பக்கங்களில் சிலது வேறு ஆள் எழுதின மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். எடிட் பேஜில் கை பழகிய பிறகு ஃப்யூஷனைத் திறந்தால் வேற ஊருக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

காசு கொடுத்து வாங்குகிற ஸ்டூடியோ பதிப்பு 295 டாலர். ஒருமுறை கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது, இரண்டு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். இலவசப் பதிப்பில் (ஸ்டூடியோவுக்கு மட்டுமான எஃபெக்ட்டைத் தொடாத வரை) வாட்டர்மார்க் வராது, நாள் கணக்கும் கிடையாது, 3840க்கு 2160 வரை, நொடிக்கு 60 ஃப்ரேம் வரை எக்ஸ்போர்ட் ஆகும். காலேஜ் ஆடிட்டோரியம் ப்ரொஜெக்டருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

சரி, சுவர்களுக்கு வருவோம்.

முதல் சுவர் ஃபார்மட். இப்போது வாடகைக்குக் கிடைக்கிற கண்ணாடியில்லாக் கேமராக்கள், அதாவது மிரர்லெஸ், நிறைய மாடல்களில் 10 பிட் 4:2:2-வில் (நிற விவரத்தை அதிகமாகச் சேமிக்கிற முறை) எச்.264 அல்லது எச்.265 ஆக எடுக்கும். வாடகைக்குக் கொடுக்கிறவரும் "இதுதான் தம்பி பெஸ்ட் குவாலிட்டி" என்று அதையே வைத்துக் கொடுப்பார், அவர் சொல்வதில் தப்பும் இல்லை. ஆனால் விண்டோஸில் ரிசால்வ் இலவசப் பதிப்பு அந்த வகை ஃபைலைத் திறக்காது. உள்ளே இழுத்துப் போட்டால் சத்தம் மட்டும் வரும், படம் வராது. விவரம் தெரியாதவர் கார்டு கெட்டுப்போச்சு என்று நெஞ்சில் கைவைத்துக்கொள்வார். வழி இரண்டு. கேமராவிலேயே 8 பிட் 4:2:0-வுக்கு மாற்றி எடுப்பது ஒன்று. இல்லையென்றால் ஷட்டர் என்கோடர் மாதிரி ஒரு இலவச மென்பொருளில், எடிட்டுக்கு ஏற்ற டிஎன்எக்ஸ்எச்ஆர் என்கிற ஃபார்மட்டாக மாற்றிக்கொண்டு வருவது. இரண்டாவதில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தரம் போகாது, ஆனால் இடம் தின்னும்: 1080பி, 25 ஃப்ரேமில் ஒரு மணி நேர ஃபுட்டேஜ் (10 பிட்டைக் காப்பாற்றுகிற) எச்க்யூஎக்ஸ் தரத்தில் 80 ஜிபி பக்கம் வந்து நிற்கும், 4கே என்றால் அதைப்போல நான்கு மடங்கு.

இங்கேதான் பேப்பர் எடிட் காசைக் காப்பாற்றுகிறது. டிரெய்லருக்கு எந்தெந்த ஷாட் என்று பேப்பரில் எழுதி, அந்த ஷாட்களை மட்டும் மாற்றினால் ஒரு சாதாரண 500 ஜிபி எஸ்எஸ்டியே போதும். நாங்கள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கிளாப் நம்பர், ஷாட்டில் என்ன தெரிகிறது, அதன் கூடவே என்ன சத்தம் கேட்க வேண்டும் என்று மூன்று பத்தி போட்டு எழுதினோம். மூன்றாவது பத்தியை யாரும் எழுதுவதில்லை, ஆனால் டைம்லைனில் வேலை பாதியாகக் குறைந்தது அதனால்தான்.

இரண்டாவது சுவர் ஃப்ரேம் ரேட். இது இலவசம், ஸ்டூடியோ இரண்டுக்கும் பொது, ஆனால் மாணவர்கள்தான் அடிக்கடி முட்டிக்கொள்கிறார்கள். புது ப்ராஜெக்ட் திறந்தால் ரிசால்வ் 24-ல் நிற்கும். ஃபுட்டேஜை உள்ளே கொண்டுவந்துவிட்டால் ப்ராஜெக்ட் செட்டிங்கில் அந்த எண் பூட்டிக்கொள்ளும். மாற்ற வேண்டும் என்றால் தனி செட்டிங்கோடு புது டைம்லைன் போட வேண்டும், போட்டாலும் ஏற்கெனவே வெட்டின கட்கள் எல்லாம் அப்படியே அழகாக உட்காராது. கேமராவில் 25, ஃபோனில் 30, ட்ரோன் வைத்திருக்கிற ஃபிரெண்டு 24 என்று மூன்று பேர் மூன்று கணக்கில் எடுத்துக்கொண்டு வந்தால் கேமரா பக்கவாட்டில் திரும்புகிற பேன் ஷாட் எல்லாம் தட்டித் தட்டி ஓடும். ஆப்டிகல் ஃப்ளோ என்று ஒரு வசதி இலவசத்திலேயே இருக்கிறது, இடையில் இல்லாத ஃப்ரேமைக் கணக்குப் போட்டுச் செய்துகொடுக்கும். ஆனால் தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா மாதிரி வேகமான பொருள் மேல் அதைப் போட்டுப் பாருங்கள், நாடா கரைந்து ஜவ்வு மாதிரி இழுக்கும்.

நம் ஊருக்கு 25 சரி. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும், ஷட்டரை 1/50-ல் வைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் ஏறாது. ஃபோனை ஆட்டோவில் விட்டால் அது பாட்டுக்கு ஏதோ ஒரு ஷட்டருக்குப் போகும், திரையில் கறுப்புப் பட்டை மேலிருந்து கீழே ஊரும். தறிக்கூடம் முழுக்க ட்யூப்லைட்தான் என்பதால் எங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. இதைச் சரிசெய்கிற டீஃப்ளிக்கர் ரிசால்வில் இருக்கிறது, ஆனால் அது ஸ்டூடியோவுக்கு மட்டும். இலவசத்தில் இழுத்துப் போட்டால் எஃபெக்ட் வேலை செய்வதைக் காட்டும், கூடவே படத்தின் மேல் பெரிய வாட்டர்மார்க்கும் வந்து உட்காரும்.

இதே பிளாக்மேஜிக் 2023-ல் ஐஃபோனுக்கு பிளாக்மேஜிக் கேமரா என்று ஒரு இலவச ஆப் விட்டது, அடுத்த வருடம் சில ஆண்ட்ராய்டு மாடல்களுக்கும் வந்தது. ஷட்டர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், ஃப்ரேம் ரேட் நான்கையும் பூட்டி வைக்கலாம். கூடுதல் ஷாட்கள் எடுக்கிற செகண்ட் யூனிட்டுக்கு ஃபோனைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் ரிசால்வுக்கு முன்னால் இதை இறக்குங்கள். ஐஃபோனின் சொந்தக் கேமராவில் எடுப்பவர்கள் செட்டிங்கில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டைம்லைனில் முகமெல்லாம் வெளுத்துப் போய் வரும்.

எடிட் பேஜ் பற்றிச் சொல்ல பெரிதாகக் குறை இல்லை. அடோபி ப்ரீமியர் பழகினவர்களுக்கு இரண்டு நாள் விரல் தடுமாறும், கீபோர்டு கஸ்டமைசேஷனில் ப்ரீமியர் லேஅவுட்டே இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் தடுமாறாது. டி (T) அழுத்தினால் வருகிற ட்ரிம் மோடைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு கட் பாயிண்டை மட்டும் நகர்த்துவது, ஷாட்டுக்குள் இருக்கிற படத்தை மட்டும் நகர்த்துவது, ஷாட்டையே இரண்டு ஷாட்டுக்கு நடுவில் நகர்த்துவது எல்லாம் கிளிப்பில் மவுஸை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதுவாகவே மாறும். டிரெய்லர் வெட்டும்போது இது பெரிய வரம், ஏனென்றால் டிரெய்லரில் மொத்த வேலையும் இரண்டு ஃப்ரேம் முன்னே, மூன்று ஃப்ரேம் பின்னே என்பதுதான்.

நாங்கள் தறிச் சத்தத்தையே தாளமாக வைத்து வெட்டினோம். கூடத்தில் எல்லாத் தறியும் ஓடும்போது ரெக்கார்ட் செய்தால் வெறும் இரைச்சல்தான் கிடைக்கும், ஒன்றும் பிரியாது. ஓனரிடம் ஐந்து நிமிடம் மற்ற தறிகளை நிறுத்த முடியுமா என்று கேட்டதற்கு, "நிறுத்துனா கூலிக்கு நீங்களா தம்பி பதில் சொல்லுவீங்க?" என்றார், நியாயம்தானே. அப்புறம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரே கூப்பிட்டு ஒரே ஒரு தறியை ஓடவிட்டார். அந்த ட்ராக்கை டைம்லைனில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால் வேவ்ஃபார்மில் நாடா இந்தப் பக்கம் அடிக்கிற இடம் ஒரு முள், அந்தப் பக்கம் அடிக்கிற இடம் கொஞ்சம் குட்டையாக இன்னொரு முள், நடுவில் பண்ணை, அதாவது தறியின் சீப்புச் சட்டம், ஊடை நூலைத் துணியோடு சேர்த்து இடிக்கிற ஒரு மொத்தையான மேடு. ஓடவிட்டுக்கொண்டே ஒவ்வொரு முள்ளுக்கும் எம் தட்டி மார்க்கர் வைத்துக்கொண்டு போனேன். ஸ்னாப்பிங் ஆனில் இருந்தால் கட் எல்லாம் மார்க்கரில் காந்தம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். முதல் இருபது நொடி ஒற்றைத் தறி, அப்புறம் ஒன்றொன்றாகச் சேர்ந்து கூடம் முழுக்க ஓடுகிற சத்தம், அதன் உச்சத்தில் கரண்ட் கட். சத்தம் மொத்தமாக நிற்கிற அந்த ஃப்ரேமில் டைட்டில். அதற்கு மியூசிக் தேவைப்படவில்லை. ஏதாவது படத்தின் பிஜிஎம்மை எடுத்து ஒட்டிவிட்டு, யூடியூபில் ஏற்றினதும் காப்பிரைட் க்ளெய்ம் வந்து முழிக்கிற டீம்கள் வருடா வருடம் இருக்கின்றன, அந்தத் தலைவலியும் மிச்சம்.

இந்த ரிவ்யூவில் நான் அடித்துச் சொல்ல விரும்புவது ஃபேர்லைட் பேஜைத்தான். இலவசப் பதிப்பில் இதைக் கொடுத்துவிட்டு ஏன் யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள் என்று புரியவில்லை. ஒவ்வொரு ட்ராக்கிலும் ஈக்யூ, கம்ப்ரஸர் எல்லாம் அதனதன் தலையிலேயே இருக்கின்றன, தனியாகத் தேடிப் போட வேண்டியதில்லை. வெளியிலிருந்து சேர்க்கிற சவுண்ட் எஃபெக்ட்களான விஎஸ்டி ப்ளக்இன்களும் போடலாம். பிளாக்மேஜிக் தளத்தில் 500 ஃபோலி சத்தங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, காலடி, கதவு, துணி உரசல் என்று. நம் ஊர் செருப்புச் சத்தம் அதில் இருக்காதுதான், அதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். தறி ஓடுகிற இடத்தில் எடுத்த வசனம் எல்லாம் டப்பிங்குக்கு வழிகாட்டுகிற பைலட் ட்ராக்காகத்தான் உதவும், டப்பிங் கட்டாயம். ஹாஸ்டல் ரூமில் போர்வையைத் தொங்கவிட்டு, ரெக்கார்டரில் எடுத்த டப்பிங்கை பைலட்டுக்கு நேராக வைத்து உதட்டசைவுக்குத் தள்ளித் தள்ளி ஒட்டினேன். ஃபேர்லைட்டில் ஃப்ரேமுக்கும் உள்ளே போய் நகர்த்த முடிவது அப்போது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். எடிட் பேஜில் ஒரு ஃப்ரேம் தள்ளினால் உதடு முந்துகிறது, தள்ளாவிட்டால் பிந்துகிறது என்று திணறுகிற இடத்தில் இங்கே பாதி ஃப்ரேம் தள்ளலாம்.

வாய்ஸ் ஐசோலேஷன், அதாவது இரைச்சலில் இருந்து குரலை மட்டும் பிரித்துக் கொடுக்கிற வசதி, ஸ்டூடியோவில் மட்டும். சாதாரண நாய்ஸ் ரிடக்‌ஷன் இலவசத்தில் உண்டு. ஃபேன் சத்தம், ஏசி இரைச்சல் மாதிரி ஒரே சீராக இருப்பதை அது குறைக்கும். தறியைக் குறைக்காது.

லவுட்னஸ் மீட்டரும் இருக்கிறது. யூடியூப் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (சத்த அளவைச் சொல்கிற அலகு) மேல் சத்தமாக இருப்பதை அதுவாகக் குறைத்துவிடும். அதனால் எல்லாவற்றையும் சிவப்புக் கோடு வரை ஏற்றி மிக்ஸ் செய்வதில் லாபம் இல்லை, கரண்ட் கட் ஆகிற அந்த இடத்தின் அடிதான் போய்விடும்.

கலர் பேஜை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். ட்யூப்லைட்டின் பச்சையை எடுப்பது, முகத்துக்கு மட்டும் ஒரு விண்டோ போட்டு ட்ராக் செய்வது, ஒரு ஷாட்டின் ஸ்டில்லைப் பிடித்து வைத்துப் பக்கத்தில் இன்னொன்றை மேட்ச் செய்வது, எல்லாம் இலவசத்திலேயே முழுசாக இருக்கிறது. கேமராவையும் ஃபோனையும் ஒட்டவைக்க அந்த ஸ்டில் ஒப்பீடு ரொம்ப உதவும். இல்லாதது வீடியோவுக்கான நாய்ஸ் ரிடக்‌ஷன். இரவு ஷாட்டில் ஐஎஸ்ஓவை ஏற்றிவிட்டு டிஐயில் (கடைசியில் கலர் திருத்துகிற கட்டம்) பார்த்துக்கலாம் என்று சொல்கிற கேமராமேன் உங்கள் டீமில் இருந்தால் இந்த ஒரு வரியை அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு எல்இடி பேனலை வாடகைக்கு எடுப்பது மலிவு. சினிமாஸ்கோப் பட்டை வேண்டும் என்றால் டைம்லைன் மெனுவில் அவுட்புட் ப்ளாங்கிங் என்று இருக்கிறது, 2.39 தேர்ந்தெடுத்தால் மேலும் கீழும் கறுப்பு வந்துவிடும். பிஎன்ஜி பட்டை தேடி டவுன்லோட் செய்யாதீர்கள்.

டைட்டிலுக்கு நாங்கள் கையால் எழுதி ஸ்கேன் செய்து பின்னணி இல்லாத பிஎன்ஜியாக வைத்தோம். எழுத்துரு வைத்துச் செய்பவர்கள் உங்கள் ஃபாண்டில் "கொ", "ஸ்ரீ" எல்லாம் இருக்கிற ஒரு வரியை முதல் நாளே அடித்து, ரெண்டர் செய்து பார்த்துவிடுங்கள், விழாவுக்கு முதல் நாள் ராத்திரி பார்க்கிற விஷயம் இல்லை அது. ஃப்யூஷனுக்குள் நான் எட்டிப் பார்த்ததோடு சரி.

ரீல்ஸுக்கு நேர்வடிவ வெர்ஷன் வேண்டும் என்று பிஆர் பார்க்கிற தோழி கேட்டாள். 1080க்கு 1920-ல் டைம்லைனை டூப்ளிகேட் செய்யலாம், ஆனால் ஆளைத் தேடி ஃப்ரேமை அதுவாக நகர்த்துகிற ஸ்மார்ட் ரீஃப்ரேம் ஸ்டூடியோவில்தான். நான் ஷாட் ஷாட்டாக இன்ஸ்பெக்டரில் எக்ஸ் எண்ணை மாற்றிக் கையால் செய்தேன். ஒன்றரை நிமிடத்துக்கு அது பெரிய வேலை இல்லை. இரண்டு பேர் இரண்டு ஓரத்தில் நிற்கிற ஷாட்தான் ஒன்றும் செய்ய முடியாது, அந்த மாதிரி ஷாட்டை எடுக்கும்போதே ஆட்களை ஃப்ரேமின் நடுவில் நிறுத்தி இன்னொருமுறை எடுத்துக்கொள்ளலாம்.

மெஷின் விஷயத்தில் ரிசால்வ் கருணை காட்டாது. 16 ஜிபி ரேம் என்று அவர்கள் சொல்வது அலங்காரத்துக்கு இல்லை, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் 4கே ஃபுட்டேஜைப் போட்டால் ஃபேன் மட்டும்தான் ஓடும், படம் ஓடாது. ப்ராக்ஸி (ஃபுட்டேஜின் எடை குறைந்த நகல்) செய்துகொண்டு, ப்ளேபேக் ரெசல்யூஷனைப் பாதியோ காலோ ஆக்கினால் சுமாரான லேப்டாப்பிலும் வெட்டலாம். எட்டு ஜிபி லேப்டாப் வைத்திருப்பவர்கள் எடிட்டை லேபில் வைத்துக்கொள்வது நல்லது.

லேப் என்றதும் ஒன்று, இதைத் தெரிந்துகொள்ளாமல் நிறைய பேர் திண்டாடுகிறார்கள். ரிசால்வில் ப்ராஜெக்ட் என்பது போல்டரில் கிடக்கிற ஒரு ஃபைல் கிடையாது, உள்ளே ஒரு டேட்டாபேஸில் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட் கொடுத்து டிஆர்பி ஃபைலாக எடுக்க வேண்டும், ஃபுட்டேஜோடு சேர்த்து வேண்டும் என்றால் ப்ராஜெக்ட் ஆர்கைவ். அதைவிட முக்கியம், புது வெர்ஷனில் திறந்து சேவ் செய்த ப்ராஜெக்டைப் பழைய வெர்ஷன் திறக்காது. லேபில் எந்த வெர்ஷன் இருக்கிறதோ அதையே வீட்டிலும் போடுங்கள், பழைய வெர்ஷன்கள் பிளாக்மேஜிக்கின் சப்போர்ட் பக்கத்தில் கிடைக்கும். அப்டேட் வந்திருக்கிறது என்று ஓரத்தில் காட்டினால் ப்ராஜெக்ட் முடிகிற வரைக்கும் கண்டுகொள்ளாதீர்கள்.

கற்றுக்கொள்வதற்கு அவர்கள் தளத்திலேயே பயிற்சிப் புத்தகங்கள் பிடிஎஃப்பாக, பயிற்சி ஃபுட்டேஜோடு இலவசமாக இருக்கின்றன. ஆங்கிலம்தான், ஆனால் படத்தோடு படிப்படியாகப் போகும், இங்கே காசு வாங்கிக்கொண்டு நடக்கிற சில வார இறுதி வகுப்புகளில் சொல்லித்தருவதைவிட அதிகம் இருக்கிறது. ஃபேர்லைட்டுக்குத் தனிப் புத்தகமே உண்டு, முதலில் அதைப் படியுங்கள்.

ஸ்டூடியோ வாங்கலாமா என்று கேட்டால், டிரெய்லருக்காக வேண்டாம். 295 டாலர் ரூபாயில் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டும், அந்தக் காசில் ஒரு நல்ல ரெக்கார்டரும் மைக்கும் வரும், உங்கள் டிரெய்லர் அதில்தான் கூடுதலாகத் தேறும். கல்யாண வீடியோ, விளம்பரம் என்று சம்பாதிக்க ஆரம்பித்து, மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்தில் எடுத்த 10 பிட் ஃபுட்டேஜோடு வாரா வாரம் மல்லுக்கட்டுகிற நிலைமை வந்தால் அப்போது யோசிக்காமல் வாங்கலாம். ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன், அந்த அரையைக் குறைத்தது டீஃப்ளிக்கருக்காக. 50 ஹெர்ட்ஸ் ஊரில் ட்யூப்லைட்டுக்குக் கீழே படம் எடுக்கிற மாணவனுக்கு அதையாவது இலவசமாகக் கொடுத்திருக்கலாம்.